முகூர்த்த வண்டியும் டப்பா மாட்டிய நாயும்

வண்டி ஓட்ட வந்திருக்கிற தம்பிகளுக்கும், இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரே தங்கச்சிக்கும் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி ஓனர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். கிளட்ச், கியர், பிரேக் பற்றி நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் லைசென்ஸ் வாங்கும்போதே கற்றிருப்பீர்கள். கற்காமலே லைசென்ஸ் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். நான் ரிட்டயர் ஆகிவிட்டாலும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

நான் பேசப் போவது, டிக்கெட் வாங்காமல் நம் ரூட்டில் தினமும் நடமாடுகிறவர்களைப் பற்றி. ஆடு, மாடு, நாய், கோழி, குஞ்சு. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் வரைக்கும் மினி பஸ் ஓட்டியவன் நான். இந்த ரோடு நமக்காகப் போட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாடுகளுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆட்டுக்குச் சொன்னாலும் அது கேட்கிற ரகம் இல்லை. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் குழப்பமே வேண்டாம். லைசென்ஸ் வைத்திருப்பவர்தான்.

முதலில் எங்கள் கண்டக்டர் ஜோசப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். பெரிய மீசை, பெரிய குரல், நாயைக் கண்டால் மட்டும் குலை நடுங்கும். மத்தியான வெயிலில் பெருநகரில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், ஊரில் உள்ள நாய் எல்லாம் வண்டிக்கு அடியில் நிழலுக்கு வந்து படுத்துக்கொள்ளும். ஜோசப் படியில் கால் வைக்கும்போது கீழேயிருந்து ஒன்று உறுமினால் போதும், அன்றைக்கு முழுக்க அவனுக்கு விசில் ஊதுவதற்கே காற்று வராது. அதனால் அவனாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வண்டி எடுக்கும் முன்னால் ஒரு சுற்று சுற்றி வந்து, தகரத்தைப் பட் பட்டென்று தட்டி, குனிந்து நாலு சக்கரத்துக்கும் கீழே பார்ப்பான். எல்லா நாயும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து போன பிறகுதான் ஏறி விசில் கொடுப்பான்.

பயணிகள் அவனைப் பெரிய ஜீவகாருண்யன் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா அவனுக்குக் கொய்யாப்பழம்கூடக் கொடுத்தார். அவன் பயத்தில் செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் ஓட்டிய காலம் முழுக்க எங்கள் சக்கரத்தில் ஒரு நாய்க்குட்டிகூட அடிபடவில்லை. நீங்கள் இரக்கத்தில் தட்டினாலும் சரி, பயத்தில் தட்டினாலும் சரி, அடியில் படுத்திருக்கிற நாய்க்கு இரண்டும் ஒன்றுதான். தட்டுங்கள். குனிந்து பாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அடுத்தது ஹாரன். இதைச் சொல்லலாமா என்று ஓனரிடம் காலையிலேயே கேட்டேன். சொல்லு, ஆனால் சுருக்கமாகச் சொல்லு என்றார். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

ஓனர் ஒருமுறை சென்னைக்குப் போய் ஒரு பாட்டு ஹாரன் வாங்கிக்கொண்டு வந்தார். அமுக்கினால் ஏற்ற இறக்கத்தோடு ஊளையிடும். எதிரே வருகிறவர் வழிவிடுவாரோ இல்லையோ, கும்பிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். மாட்டிய அன்றைக்கு ஓனரும் என் பக்கத்தில் பானெட்டு மேல் உட்கார்ந்து வந்தார். ஹாரனை நான் அமுக்க அவர் விடவில்லை. எட்டி எட்டி அவரே அமுக்கினார். ஏரிக்கரை ரோட்டில் முனியம்மா தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

அமுக்காதீங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அமுக்கிவிட்டார். எருமைகள் நாலு திக்கும் ஓடின. ஒன்று கால்வாயில் போய் விழுந்தது. அது சினை எருமை. நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி, முனியம்மா எருமையின் வாலைப் பிடித்துத் தூக்கி, ஒருவழியாகக் கரையேற்றினோம். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. முனியம்மா எங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டிவிட்டால் அன்றோடு முடிந்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் பயணியைப் போல் கை காட்டி வண்டியை நிறுத்தினாள். நேற்று அமுக்கியது யார் என்று கேட்டாள். ஓனருக்கு அன்றைக்கும் ஹாரன் ஆசை தீரவில்லை, பானெட்டு மேல்தான் இருந்தார். நான்தான் என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்டின்னா கொஞ்சம் எறங்கி வா நைனா" என்றாள்.

இறங்கினார். அவரை வண்டியின் மூக்குக்கு நேராக, நேற்று எருமை நின்ற இடத்தில் நிற்க வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, இப்போ அமுக்கு என்றாள். எனக்குச் சம்பளம் கொடுக்கிற மனுஷன். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஜோசப்பின் கை. ஓனர் அவனுக்குக் கொடுக்க வேண்டிய லீவு ரொம்ப நாளாகப் பாக்கி. உள்ளங்கை முழுவதும் வைத்து, உடம்பின் எடையையும் அதன்மேல் போட்டு அமுக்கினான்.

ஓனர் குதித்த குதியில் செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எருமை விழுந்த அதே கால்வாய். முனியம்மா கரையில் நின்று நிதானமாகக் கேட்டாள்.

"அதுக்கு வயித்துல கன்னு வேற கீது. உனுக்கு ஒண்ணும் இல்லியே?"

அன்றைக்கே ஹாரனைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பிறகு மாடு எதிரே வந்தால் நான் செய்தது இதுதான். வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிடுவேன். கதவுத் தகரத்தில் கையால் இரண்டு தட்டு. மாடு நம்மைப் பார்க்கும், யோசிக்கும், அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நகரும். நம் அவசரத்தை அதன் தலையில் ஏற்றினால் அது பாதை விலகாது, மிரண்டுதான் ஓடும். மிரண்ட மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. எஞ்சினை அணைத்துக் காத்திருப்பதில் போகிற நேரம், மிரட்டிவிட்டுக் கால்வாயில் இறங்கித் தள்ளுகிற நேரத்தைவிடக் குறைவு. ஓனர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

இனி நாய் விஷயம். உண்மையில் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் மஞ்சள் வண்டிக்குப் பின்னாலேயே ஒரு பச்சை வண்டி ஓடிக்கொண்டிருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதன் டிரைவர் பாபு. எங்கள் இரண்டு பேருக்கும் டைமிங் தகராறு. நான் ஸ்டாப்பில் அரை நிமிஷம் கூடுதலாக நின்றால் அவன் முந்திக்கொண்டு போய் அடுத்த ஊர் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொள்வான். அவன் நின்றால் நான் அள்ளிக்கொள்வேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொள்வோம்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் உத்திரமேரூர் ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரம். ஒரு கல்யாணக் கூட்டம் ஓடி வந்தது. மாகறலிலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வந்த வேன் வழியில் நின்றுவிட்டதாம். பெருநகரில் கோயிலில் முகூர்த்தம். சீர்த்தட்டு, சூட்கேஸ், குத்துவிளக்கு, உறவு ஜனம் எல்லாம் ஏறியது. கூடவே மணப்பெண்ணும் ஏறினாள். கோமதி என்று பெயர். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. முகத்துக்கு விடியலிலேயே மேக்கப் போட்டிருந்தார்கள். மேக்கப் போட்ட பார்லர் பெண்ணும் ஒரு பெட்டியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, வியர்வை வந்தால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் அப்பா என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார். சரிகைக் கரை போட்ட புதுத் துண்டு தோளில். நல்ல மனுஷன், விவசாயி. ஆனால் அன்றைக்கு அவர் பாதி உயிரோடுதான் இருந்தார். காரணம், சம்பந்தி அம்மா. மாப்பிள்ளையின் அம்மா ரொம்பக் கண்டிப்பானவர் என்று அவராகவே என்னிடம் சொன்னார். நிச்சயதார்த்தத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனதற்கே அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். இப்போதும் போன் வந்துகொண்டே இருந்தது. இதோ வந்துவிட்டோம், இதோ வந்துவிட்டோம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொய் சொல்லிக்கொண்டே வந்தார். போன் மணியோ முழு மேளத்தோடு சாமிப் பாட்டு. அடித்தால் வண்டியே அதிரும்.

நானும் எந்த ஸ்டாப்பிலும் அதிகம் நிற்காமல்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பச்சை வண்டி இன்னும் தெரியவில்லை. கூட்ரோடு டீக்கடையைத் தாண்டினேன்.

நடுரோட்டில் ஒரு நாய் வந்தது. செவலை நாய், டீக்கடையையே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் தலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. கடையில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி டப்பா. அடியில் ஒட்டியிருந்த தூளுக்கு ஆசைப்பட்டுத் தலையை விட்டிருக்கிறது, காது மடங்கிச் சிக்கிக்கொண்டது. உள்ளே மூச்சு பட்டுப் பட்டு டப்பா வெள்ளையாக மூடிக்கிடந்தது. கண் தெரியாமல் ஓடிவந்து, பிரேக் போட்டு நின்ற என் முன் சக்கரத்தில் நேராக முட்டியது. பின்வாங்கியது. மறுபடி முட்டியது.

பிரேக் போட்டது நான் யோசித்துப் போட்டதில்லை. கால் தானாகப் போட்டது. யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. எதிரே ஜல்லி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற ரோடு அது. நான் ஒதுங்கிப் போய்விட்டால் நாய் அடுத்த லாரிக்குப் போகும். லாரியில் தப்பினாலும் டப்பாவுக்குள் எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும்? பின்னால் பச்சை வண்டி. என் தோளுக்கு மேலே பெண்ணின் அப்பா.

"டிரைவர், நாயப் பாத்தா முகூர்த்தம் போயிடும். இந்தப் பொண்ணு வாழ்க்கைய பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, கடைசி நேரம் வரைக்கும் இழுக்கலாம். நாய்க்கு அப்படி இழுக்க எதுவும் இல்லை. நான் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியை ரோட்டுக்குக் குறுக்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். இனி எந்தப் பக்கமிருந்தும் எதுவும் வர முடியாது. நாய் லாரியில் அடிபடாது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அந்த நிமிஷம் எனக்கும் தெரியாது.

இறங்கினேன். ஜோசப்பைக் கூப்பிட்டேன். அவன் பின்பக்க ஏணியில் ஏறி வண்டிக் கூரைமேல் நின்றுகொண்டு, மேலேயிருந்து பார்த்தால் நாய் நன்றாகத் தெரிகிறது, வழி சொல்கிறேன் என்றான்.

நாயைப் பிடிக்கக் கல்யாணக் கூட்டத்து ஆண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். எதிரே வந்து நின்ற ஜல்லி லாரியின் டிரைவரும் வந்தார். ஆளாளுக்கு டேய், ஏய், புடி, வுடாத என்று கத்த, நாய் ரோட்டிலிருந்து நேராக நடவு வயலுக்குள் பாய்ந்துவிட்டது. உள்ளே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பட்டு வேட்டி கட்டின ஆட்கள் வரிசையாகச் சேற்றில் இறங்குவதைப் பார்த்து ஒருத்தி, கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கலியா, நட்ட நாத்துதான் கிடைச்சுதா என்று கேட்டாள். ஒருவர் வழுக்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போனவர் அவர்மேல் விழுந்தார். கூரைமேல் இருந்து ஜோசப் இடது பக்கம், வலது பக்கம் என்று கைகாட்டினான். அது யாருடைய இடது என்பதில்தான் தகராறு.

அப்போது பச்சை வண்டி வந்து நின்றது. பாபு இறங்கி வந்தான். சட்டையைப் பிடித்த நாளுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"இன்னா, ரோட்ட வெலைக்கு வாங்கிக்கினியா?"

நான் வயல் பக்கம் கையைக் காட்டினேன். அவன் பார்த்தான். தன் வண்டிக்குத் திரும்பிப் போனான். ரிவர்ஸ் எடுத்துச் சுற்றுவழியில் போய் என் ஆட்களையெல்லாம் அள்ளப் போகிறான் என்று நினைத்தேன்.

வயலில் நாய் களைத்துவிட்டது. ஆனாலும் யாராவது கத்தினால் எழுந்து ஓடும், விழும். அந்த நேரத்தில் வண்டியின் படியில் மணப்பெண் வந்து நின்றாள். பின்னாலேயே பார்லர் பெண், அக்கா வெயில் அக்கா, அக்கா ஃபவுண்டேஷன் என்று அழுதுகொண்டே வந்தாள். கோமதி சத்தமாகப் பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் கத்தாதீங்க. அதுக்குக் கண்ணும் தெரியல, மோப்பமும் இல்ல. காது மட்டும்தான் கீது. அதுலயும் நீங்க பயத்த ஊத்திக்கினு கீறீங்க."

சத்தம் நின்றது. கல்யாணக் கூட்டம், லாரி ஆட்கள், நடவுப் பெண்கள், இரண்டு பஸ் ஜனம், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வரப்பில் நின்றோம். அவள் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பில் இறங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல் நாக்கால் ச்சு ச்சு என்று மெதுவாகச் சத்தம் கொடுத்தாள். நாயின் டப்பா அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது.

அப்பாவின் போன் அடித்தது. முழு மேளம்.

நாய் எகிறி ஓடியது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது சம்பந்தி அம்மா என்பது முகத்திலேயே தெரிந்தது. பேசவில்லை. ஸ்விட்ச் ஆஃப் பண்ணினார். அந்த மனுஷன் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு தோளிலிருந்த சரிகைத் துண்டை எடுத்து மகளிடம் நீட்டினார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அவளுக்குத் தெரிந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி ச்சு ச்சு. இந்தத் தடவை நாய் அவள் முழங்காலில் வந்து டப்பாவை இடித்தது. துண்டை அதன் உடம்பின்மேல் போட்டுச் சுற்றி, குழந்தையைப் பிடிப்பதுபோல் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. டப்பாவுக்குள் மூச்சு இழுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நான் ஓடிப்போய் டப்பாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை, காது தடுத்தது. அந்த நேரம் என் தோளுக்கு மேலாக ஒரு கை, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை நீட்டியது. பாபு. தன் வண்டி டூல் பாக்ஸைக் கலைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கழுத்துக்கிட்ட வெட்டட்டுமா என்றான்.

தம்பிகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் கழுத்துதான் கண்ணில் படும், ஏனென்றால் சிக்கியிருப்பது அங்கேதான். ஆனால் கழுத்துப் பக்கம் வெட்டினால் தோலில் படாமல் வெட்ட வேண்டும், நேரமாகும். அந்த நாய்க்கு அப்போது வேண்டியது விடுதலை இல்லை, காற்று. அடியில் முதலில் ஓட்டை போடு என்றேன். நான் டப்பாவை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவன் மூக்கு எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதைவிட்டுத் தள்ளி, டப்பாவின் அடிமூலையை அறுத்தான். மூலை விண்டு வந்தது. நாய் ஒரு மூச்சு இழுத்தது பாருங்கள், வயலில் நின்ற அத்தனை பேரும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள். கூரைமேல் இருந்த ஜோசப் கையைத் தட்டினான்.

அதற்குப் பிறகு அவசரமில்லை. அடிப்பக்கத்தை முழுக்க அறுத்து எடுத்தோம். வாய் வளையம் மட்டும் கழுத்தில் நின்றது. அதற்கு எண்ணெய் வேண்டும் என்றேன். நடவுப் பெண்களிடம் இல்லை, லாரியில் கிரீஸ்தான் இருந்தது. பெண்ணின் அப்பா வண்டிக்குள் ஓடினார். குத்துவிளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய் பாட்டிலோடு வந்தார். மூடியை அவரே திருகித் திறந்து, நாயின் கழுத்தைச் சுற்றி ஊற்றினார். விளக்குக்கு ஊற்றுகிற அதே பக்தியோடுதான் ஊற்றினார்.

வளையம் கழன்று வரும்போது ஒரு சிக்கல் இருந்தது. அதுவரைக்கும் கடிக்கிற வாய் டப்பாவுக்குள் இருந்தது. இனி வெளியே வரும். பயந்த நாய்க்கு உதவி செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பார்க்கத் தெரியாது. கோமதியைத் துண்டை அப்படியே எங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து தள்ளிப்போகச் சொன்னேன். மனசில்லாமல் போனாள். நானும் பாபுவும் துண்டோடு நாயைத் தரையில் அழுத்திப் பிடித்து, மடங்கிய காதை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, வளையத்தை உருவியதும் ஒரே நேரத்தில் பின்னால் குதித்தோம். குதித்ததில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் விழுந்தோம். டைமிங் தகராறு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் கட்டிக்கொண்டு கிடந்தவனிடம் அப்புறம் எப்படி முறைப்பது?

நாய் எழுந்தது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கோமதி நின்ற இடத்துக்குப் போய், எண்ணெயும் சேறுமாக உடம்பை ஒரு உதறு உதறியது. பட்டுச்சேலை, பூ, முகம், எதுவும் மிச்சமில்லை. பார்லர் பெண் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் அதன் பாட்டுக்கு டீக்கடைப் பக்கம் நடந்து போனது. அங்கே இன்னொரு டப்பா இருக்கிறதா என்று பார்க்கத்தான் போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், டப்பாவைத் தூக்கிப் போடும்போது மூடியைப் போட்டுத் திருகிப் போடுங்கள், இல்லாவிட்டால் காலால் மிதித்து நசுக்கிப் போடுங்கள். அரை நிமிஷ வேலை. அந்தக் கடைக்காரரிடம் இதை நான் சொன்னபோது, நாய்க்கு அறிவு வேணாமா என்றார். கல்லாவில் உட்கார்ந்திருப்பது நாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நசுக்கித்தான் போட்டார்.

மீதி ரூட்டில் நான் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. பாபு எனக்குப் பின்னாலேயே வந்து, என் ஸ்டாப்பில் நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தான். வண்டிக்குள் எல்லோர் மனசிலும் சம்பந்தி அம்மாதான். பெண்ணின் அப்பா கதை கட்டிக்கொண்டே வந்தார். வேன் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். வேனே இல்லாமல் மினி பஸ்ஸில் போய் இறங்கி அதைச் சொன்னால் நம்புவார்களா என்று நான் கேட்டேன். மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்.

கோயில் வாசலிலேயே அந்த அம்மா நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த கழுத்து. பின்னால் மாப்பிள்ளையும் அவர் பக்கத்து ஜனமும். ஐயர் உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியிலிருந்து முதலில் சீர்த்தட்டு இறங்கியது. அடுத்து சேறு அப்பிய வேட்டிகள் இறங்கின. கடைசியாக மணப்பெண் இறங்கினாள். தலையில் பூ தொங்கியது, கன்னத்தில் சேறு, சேலை முழுக்க எண்ணெய். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார்.

பெண்ணின் அப்பா வாயைத் திறந்தார். வழியெல்லாம் கட்டிய கதையில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கோமதிதான் சொன்னாள். வழியில் ஒரு நாய் தலையில் டப்பா மாட்டிக்கொண்டது, மூச்சு முட்டியது, எடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது அத்தை என்றாள். தலையைக் குனியவில்லை, கெஞ்சவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த அம்மா அவளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பாபுவைப் பார்த்தார், எங்கள் சட்டையைப் பார்த்தார்.

"நாய் பொழச்சுதா?" என்று கேட்டார்.

"நடந்தே போச்சு அத்தை" என்றாள் கோமதி.

"சரி. கொழாயில காலக் கழுவிக்கினு உள்ள வா. மூஞ்சிய தொடச்சா போதும், பூசவேணாம்."

பார்லர் பெண்ணுக்கு மட்டும் அது வருத்தம். அந்த அம்மா ஐயர் பக்கம் திரும்பி, நல்ல நேரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றார் ஐயர். அந்தக் கொஞ்சத்திலேயே முடி என்றார். ஐயர் மந்திரத்தை அவ்வளவு வேகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தாலி கட்டி முடிந்தது.

தம்பிகளா, நான் இத்தனை வருஷம் வண்டி ஓட்டியதில் எத்தனையோ தடவை லேட்டாகப் போயிருக்கிறேன். ஏன் லேட்டு என்று கேட்காதவர் இல்லை. பயணி கேட்டிருக்கிறார், டைம் கீப்பர் கேட்டிருக்கிறார், நம் ஓனர் போனில் கேட்டது உங்கள் முன்னால் சொல்லக் கூடாது. கேட்க வேண்டியதை முதலில் கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாதான். வழியில் ஒரு உயிருக்காக நின்றுவிட்டு வந்து, யாரிடமோ பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வரும். அது பிழைத்ததா? பிழைத்தது என்று பதில் சொல்ல முடிந்தால், மீதியைக் கேட்டுக்கொள்ளலாம். காதுதானே, தாங்கும்.

நாங்கள் வண்டியைத் திருப்பப் போனோம். அந்த அம்மா ஆள் அனுப்பினார். இரண்டு வண்டியில் வந்தவர்களும் ஒருத்தர் விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், டிரைவர்கள் இரண்டு பேரும் முதல் பந்தி. என்னையும் பாபுவையும் பக்கத்து பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர், ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன பெரியவர், மகளைப் பார்க்கப் போனவர், எல்லோரும் யார் கல்யாணம் என்று தெரியாமலே பொங்கல் சாப்பிட்டார்கள்.

நடுவில் ஓனர் போன் பண்ணினார். என் கையில் சாம்பார் என்பதால் ஜோசப் எடுத்தான். வாயில் வடை. வண்டி எங்கே என்று ஓனர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"கோயில் வாசல்ல கீது" என்றான் ஜோசப். "பக்கத்துலயே பச்சை வண்டியும் கீது. இப்பவே கெளம்பி வந்தீங்கன்னா வடையும் கீது."

பேஜார் பண்ணாதடா என்று கத்திவிட்டு ஓனர் போனை வைத்தார். பிறகு கிளம்பி வந்தார். இரண்டு வடை சாப்பிட்டார்.